காடே இல்லாத கரையில் மர மில் எப்படிப் பிழைத்தது? (ராமநாதபுரம் கடலோரம்)

ஒரு வாசகர் கேட்டது: "தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகும் சாலையில் பாழடைந்த மர அறுவை மில் ஒன்றைப் பார்த்தேன். கூரைத் தகரம் பாதி இல்லை. சுற்றிலும் சீமைக்கருவேலம், அதைத் தாண்டினால் கடல். காடே இல்லாத இடத்தில் யார் எதை அறுத்தார்கள்? உச்ச நீதிமன்ற உத்தரவால்தான் இந்த மில்கள் எல்லாம் மூடின என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?"

2023 ஜூன் 11

நீங்கள் பார்த்தது எங்கள் மில் இல்லை. எங்களுடையது இன்னும் வடக்கே, திருப்பாலைக்குடி தாண்டி இருந்தது. இரண்டுக்கும் ஒரே கதைதான், அதனால் சொல்கிறேன்.

காடு இல்லை, சரி. மரமும் இல்லை என்று யார் சொன்னது? கொல்லையில் வேம்பு, கிணற்றடியில் பூவரசு, கண்மாய்க்கரையில் நாட்டுக் கருவேல், சாலையோரம் புளி, வாகை. பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்த வீட்டில் ஒரு வேம்பு சாயும். கட்டிலும் பீரோவும் அதிலிருந்து வரும். மிச்சம் இருந்தால் மாட்டுத்தொழுவத்துக்குக் கதவு.

மரம் வாங்கி, அறுத்து, விற்பது எங்களுக்குப் பக்கத்தொழில்தான். அது கூலிக்கு அறுக்கும் மில். அவரவர் மரத்தை அவரவர் வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். பக்கத்திலேயே குத்தவைத்துக்கொண்டு, ஒரு சிராய் விடாமல் எண்ணி வாங்கிப் போவார்கள். சிலர் மரத்தூளையும் கேட்பார்கள். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

எந்த மரம் எதற்கு என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வாகை என்றால் செக்கு. புளி என்றால் கறிக்கடைக் கட்டை, எத்தனை வெட்டு வாங்கினாலும் பிளக்காது. கருவேல் வண்டிக்கும் கலப்பைக்கும். மஞ்சணத்தி நுகத்தடிக்கு, மாட்டுக் கழுத்துக்குப் பாரம் தெரியாது. வேம்பு நிலைக்கும் கதவுக்கும், கரையான் கொஞ்சம் யோசிக்கும். பூவரசு படகுக்கு.

2023 ஜூன் 11, இரவு

படகை ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன். எங்களுக்குச் சோறு போட்டதில் பாதி அதுதான்.

வள்ளம் என்கிற மரப்படகுக்கு அடியில் ஏரா என்ற முதுகுக்கட்டை, பக்கத்தில் வங்கு என்ற விலாச் சட்டம், அதன்மேல் பலகை. வங்கு வளைந்திருக்க வேண்டும். நேரான சட்டத்தை வளைவாக வெட்டி எடுத்தால் மரத்தின் நார் நடுவில் அறுந்துவிடும். அலை இரண்டு தடவை ஓங்கி அடித்தால் அந்த இடத்தில்தான் முறியும். அதனால் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கருவேலக் கிளையும் பூவரசங்கிளையும் தேடுவார்கள். கதவு செய்கிற ஆசாரி காலால் தள்ளிவிட்டுப் போகிற கோணல் கட்டையை, படகு கட்டுகிற ஓடாவி குனிந்து குனிந்து பார்ப்பார். கையில் ஒரு வளைந்த அளவுக்குச்சி இருக்கும். அதைக் கட்டை மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு விலை கேட்பார்.

பக்கப்பலகைக்கு மட்டும் உள்ளூர் மரம் போதாது. அது கேரளத்திலிருந்து லாரியில் வரும் அயினி மரம்.

2023 ஜூன் 14

வருமானம் எந்த மாதம் வரும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் மில்லுக்கு இரண்டு பஞ்சாங்கம், ஒன்று கரைக்கு, ஒன்று கடலுக்கு.

கிழக்குக் கரையில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கும். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள், அதாவது ஜூன் 14 வரை. (இன்றைக்குத்தான் முடிகிறது, தற்செயல்.) அந்த நாள்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பலகை மாற்றணும், வங்கு மாற்றணும், எல்லோருக்கும் நேற்றே வேண்டும். சித்திரை வெயிலில் மில் தகரத்துக்குக் கீழே நின்று பார்த்தவர்களுக்கு நரகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஆடி. யாரும் நிலை வைக்க மாட்டார்கள், அதனால் பெல்ட் மாற்றுவது, அச்சுக்குக் கிரீஸ் வைப்பது எல்லாம் அப்போதுதான். ஆவணி பிறந்ததும் வீடு கட்டுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் நனைந்து கனக்கும். மார்கழி மறுபடியும் சும்மா. தை, மாசி, பங்குனி ஓட்டம்.

2023 ஜூன் 15

"ராம்நாடு என்றால் பனைதானே, பனையைத்தான் அறுத்திருப்பீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பனை மில்லுக்கு வந்ததே அபூர்வம்.

பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. வேம்பையோ கருவேலையோ நடுவிலிருந்து கணக்குப் போட்டு அறுக்கலாம். பனையை அப்படி அறுத்தால் நடுப்பலகை உமிபோல உதிரும். தமிழ் வாத்தியார் புறக்காழ், அகக்காழ் என்று கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் எனக்கு மட்டும்தான் கொட்டாவி வரவில்லை. இன்னொன்று, பனை, தென்னை வகைகளில் மணல்சத்து உண்டு, ரம்பத்தின் பல்லை மழுக்கிவிடும். அதனால் பனையை ஆப்பு வைத்துப் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கிக் கைமரமும் சட்டமும் எடுப்பார்கள். அதற்கென்று தனி ஆள்கள் இருந்தார்கள். மில்லைவிட அவர்கள் வேகம். இப்போது பனையை வெட்டவே கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 இல் அரசு அறிவித்தாயிற்று.

2023 ஜூலை 2

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். சரி.

மில்லுக்கு முன்னால் எங்கள் ஐயா வைத்திருந்தது வாள்பட்டறை. ஐயா என்றால் அப்பாவின் அப்பா. இரண்டு பேர், ஒரு நீள வாள். மற்ற ஊர்களில் குழி தோண்டி, அதன்மேல் மரத்தைக் குறுக்கே போட்டு, ஒருவர் மேலே நிற்க ஒருவர் குழிக்குள் நின்று இழுப்பார்கள். எங்கள் கரையில் இரண்டு முழம் தோண்டினால் மணல் சரியும், மூன்றாவது முழத்தில் உப்புத் தண்ணீர். ஆகவே கத்தரிபோலக் குறுக்கே கட்டிய கால்களை நட்டு மரத்தை மேலே தூக்கி வைத்தார்கள். கரித்தண்ணீரில் நனைத்த நூலை மரத்தின் மேல் இழுத்துச் சுண்டினால் கோடு விழும். மேலே நிற்பவர் அந்தக் கோட்டைப் பார்ப்பார். கீழே நிற்பவருக்குக் கோடு தெரியாது, தூள் மட்டும் கண்ணில் விழும். அதனால் கீழே நிற்பவர் தலையில் துண்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டே இழுப்பார். வெட்டு விழுவது அவர் இழுக்கும்போதுதான்.

ஒரு நாள் முழுக்க இழுத்தால் ஒரு பெரிய வேம்பு முடியாது. அதற்கே ஆள் கிடைக்காமல் போன காலம் ஒன்று வந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பாம்பன் பாலத்தையும் பிய்த்தது. ரயில்வே அதை 46 நாளில் சரிசெய்து ரயிலை ஓடவிட்டது. உடைந்த படகுகளை யாரும் 46 நாளில் சரிசெய்து கொடுக்கவில்லை. விழுந்த மரங்கள் ஒருபக்கம், பலகைக்கு அலைகிற மீன்காரர்கள் ஒருபக்கம், நடுவில் ஐயாவிடம் இரண்டு வாள். மிஷின் போடணும் என்ற எண்ணம் அப்போதுதான் அவர் மண்டையில் விழுந்தது என்று அப்பத்தா சொல்வார். எண்ணம் விழுந்து, பணம் சேர்ந்து, மிஷின் வந்தபோது அப்பாவுக்கு மீசை முளைத்துவிட்டது.

வந்தது பழைய பேண்ட் சா, அதாவது இரண்டு சக்கரத்தின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பம். 36 அங்குலச் சக்கரம். முதலில் ஆயில் எஞ்சின். எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவதற்கே ஒரு தனி ஆள். பிறகு மூன்று பேஸ் கரண்ட் வந்தது, எஞ்சின் மூலைக்குப் போனது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொல்ல, அப்பா மட்டும் கேட்கவில்லை. 2012 இல் சென்னையைத் தாண்டினால் கரண்ட் நாளில் பாதி நேரம் கூட இல்லாதபோது அதைத்தான் மறுபடி சுற்றிக் கிளப்பினோம். அன்றைக்கு அப்பா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

2023 ஜூலை 3

பேண்ட் சா எதற்கு, வட்ட ரம்பம் மலிவாச்சே என்று கேட்பவருக்கு: ரம்பம் தின்கிற மரத்தைக் கணக்குப் பாருங்கள். வட்ட ரம்பம் ஒரு அறுப்புக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தின்னும். பேண்ட் சா இரண்டரை. ஒரு அங்குலப் பலகையாக ஏழு அறுப்பு போட்டால் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு அங்குலம், அதாவது ஒரு முழுப் பலகை தூளாகப் போகிறது. மரத்துக்குச் சொந்தக்காரர் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

2023 ஜூலை 9

தேய்பிறையில் வெட்டினால் பூச்சி பிடிக்காது என்பதை நம்புகிறேனா? அப்பா நம்பினார். நான் கண்மாயை நம்புகிறேன். வெட்டிய மரத்தைச் சில மாதம் தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து கரைந்து போகும், பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது. நிலா எப்படி இருந்தாலும் சரி. கண்மாயில் தண்ணீர் இருக்கும் வருஷமாகப் பார்த்து மரம் வெட்ட வேண்டும், ராமநாதபுரத்தில் அதுதான் நிஜமான கஷ்டம்.

2023 ஆகஸ்ட் 20

இப்போது உச்ச நீதிமன்றம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஏனென்றால் இந்த இழையில் பாதிப் பேர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைப் பார்த்து 1995 இல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுக்க ஆட்டிவைத்தது. அனுமதி பெற்ற திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மர மில்கள் ஓடக் கூடாது. 2002 அக்டோபர் 30 அன்று இன்னொரு உத்தரவு: உரிமம் இல்லாத மர மில்களை மூட வேண்டும், உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய மர மில்லுக்கு இடம் கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மரத் தொழிற்சாலைகளுக்கான விதிகள் 2010 இல் வந்தன. 2016 இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள்.

இதனால் எங்களுக்கு என்ன ஆயிற்று? ஒரு பதிவேடு வந்தது. எந்த மரம், யாருடையது, எத்தனை கன அடி, எப்போது வந்தது, எப்போது போனது. கொல்லை வேம்புக்குக் கணக்கு எழுதும்போது அப்பாவுக்குச் சிரிப்பாக இருக்கும். ஓர் அலுவலகத்தில் ஒரு தாளுக்காக நாள்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்ததும் உண்டு. எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் மூடவைத்தது இல்லை. எங்களிடம் பழைய உரிமம் இருந்தது. புது மில் யாராலும் வைக்க முடியவில்லை. அப்படியானால் போட்டி குறைந்ததா, கூடியதா? சில வருஷம் எங்களுக்கு அந்த உத்தரவு நல்லதே செய்தது. அப்பா இதை வெளியில் சொல்ல மாட்டார். சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து திட்டிவிட்டு வருவார்.

உரிமம் இல்லாமல் ஓட்டியவர்கள் மூடினார்கள், அது உண்மை. நீங்கள் பார்த்த மில் எந்த வகை என்று உங்கள் நண்பருக்குத் தெரியுமா?

2023 ஆகஸ்ட் 21

"அப்போ மூடினது எதுக்கு?" ஒரே நாளில் இத்தனை பேர் கேட்டால் எப்படி? ஃபைபர்.

2004 சுனாமியில் எங்கள் பக்கம் அடி குறைவு. இலங்கை குறுக்கே நின்று மறைத்துவிட்டது. ஆனால் நிவாரணமாகத் தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. நாகப்பட்டினத்தில் ஒருவன் அதில் போய்விட்டு வந்து சொன்னால் தேவிபட்டினத்தில் இரண்டு பேருக்கு ஆசை வரும். எடை குறைவு, நாலு பேர் சேர்ந்தால் கரைக்கு இழுத்துவிடலாம், எண்ணெய்ச் செலவும் மிச்சம். அதைவிட முக்கியம் கப்பற்புழு. பேர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். பலகைக்குள் நுழைந்தால் வெளியே குண்டூசித் துளை, உள்ளே முழுக்கச் சல்லடை. அதைத் தடுக்கச் சுறா எண்ணெய் பூசணும், தார் பூசணும். பலகை இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடிக்கணும், அதையும் அடிக்கடி செய்யணும். ஃபைபரைப் புழு தொடாது.

மீன்காரரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நான் கடலுக்குப் போகிறவனாக இருந்தால் நானும் ஃபைபர்தான் வாங்கியிருப்பேன். மர வள்ளமே பிளைவுட் வள்ளமாக மாறி, அதன்மேலும் ஃபைபர் பூச்சு வந்துவிட்டது. கோணல் கட்டையைத் தேடி வந்த ஓடாவிகளில் ஒருவர் இப்போது பிசின் வாளியோடு நிற்கிறார். கூலி நல்ல கூலி, இருமல்தான் அதிகம் என்கிறார்.

2023 ஆகஸ்ட் 27

கதவு, நிலை பக்கமும் சொல்லிவிடுகிறேன், நீட்டமாட்டேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுத் தடி (அறுக்காத முழு மரம்) இறங்குகிறது, அங்கேயே அறுத்து, சைஸ் சைஸாக லாரியில் வருகிறது. மியான்மர் 2014 ஏப்ரலில் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபோது பர்மா தேக்கு கேட்டவர்கள் ஆப்பிரிக்கா, மலேசியா என்று போனார்களே தவிர, கொல்லை வேம்புக்குத் திரும்பவில்லை. குளியலறைக்குப் பிவிசி, வாசலுக்கு இரும்பு. அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 5

சீமைக்கருவேலத்தை அறுக்கலாமே, மாவட்டம் முழுக்க இலவசமாகக் கிடக்கிறதே என்று எழுதியவருக்கு.

மரம் மோசம் இல்லை. வைரம் கருஞ்சிவப்பாக, கனமாக இருக்கும். காயும்போது சுருங்குவது மிகக் குறைவு, வெடிப்பும் குறைவு. அர்ஜென்டினாவில் இதன் பங்காளி மரங்களில் தரைப்பலகையும் மேசை நாற்காலியும் செய்கிறார்கள். நாங்கள் அறுக்காதது மரத்தின் குறை இல்லை, நம் ஊரில் அதை வளரவிடும் முறையின் குறை. அடியோடு வெட்டுவோம், தூரிலிருந்து ஏழெட்டுக் கொம்பு கிளம்பும், தொடை பருமன் வருவதற்குள் மறுபடி வெட்டிக் கரிமூட்டத்துக்கு அனுப்புவோம். நாலடி நேராகக் கிடைக்காத கட்டையை டிராலியில் வைத்து என்ன செய்வது? முள்ளைக் கழித்து, கோணலைக் கழித்து, பட்டையைக் கழித்தால் கிரிக்கெட் ஸ்டம்ப் மூன்று தேறும். கரிக்குப் போட்டால் எல்லாமே காசு. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை.

ஒரு கண்மாய்க்கரையில் யாரும் தொடாமல் விட்டுப் பெருத்த சீமைக்கருவேலம் ஒன்று எங்களிடம் வந்தது. அதில் செய்த ஸ்டூல் இன்னும் வீட்டில் ஆடாமல் நிற்கிறது. 2017 இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்ன சமயத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் செய்தி பார்த்தோம்.

காமராசர் கொண்டுவந்தாரா என்ற சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் அது வந்தது 1870களில். அவர் பிறந்தது 1903.

2023 அக்டோபர் 8

"மில்காரன் அளவில் ஏமாற்றுவான்." இதற்காகத்தான் காத்திருந்தேன்.

தடியை நாங்கள் அளப்பது சுற்றளவில் கால்வாசி முறை. நடுவில் கயிறு போட்டுச் சுற்றளவை எடுத்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி வரும். உண்மையில் அந்தத் தடியில் 12.73 கன அடி இருக்கிறது. இரண்டே முக்கால் அடி எங்கே போச்சு? பட்டை, கோணல், ரம்பம் தின்னும் தூள் இதற்கெல்லாம் முன்கூட்டியே கழித்த கணக்கு அது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த முறை, எல்லா மரவாடியிலும் இதுதான். கூலிக்கு அறுக்கும்போது இந்த முறையால் மரக்காரருக்குத்தான் லாபம், குறைந்த அளவுக்குக் கூலி கொடுக்கிறார். தடியை விற்கும்போதுதான் நஷ்டம். கயிறைத் தளர்த்திப் பிடிப்பது, இறுக்கிப் பிடிப்பது வேறு கலை, அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

2024 ஜனவரி 19

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஃபைபர்தான் காரணம் என்று ஆகஸ்டில் எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அண்ணன்தான் கடைசிக் காலத்தில் மில்லைப் பார்த்துக்கொண்டது. "எல்லாம் சரி. ஆனா மரம் வர்றது நின்னதாலயா நிறுத்தினோம்? பல்லு தீட்ட ஆள் இல்லாமல்லடா நிறுத்தினோம்" என்றான். ஊர் திரும்பும் பஸ்ஸில் முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் வெளியூரில் இருந்து பார்த்தது வேறு, அவன் பட்டறையில் நின்று பார்த்தது வேறு.

பேண்ட் சா பிளேடு என்பது ஏறக்குறைய 20 அடி நீள எஃகுப் பட்டை. இரண்டு முனையையும் சாய்வாகத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெங்காரமும் வெள்ளிப்பொடியும் போட்டுச் சூடாக்கி ஒட்டணும். ஒட்டு தடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று அடிக்கும். மெலிந்தால் பிய்யும். ஓடுகிற பிளேடு பிய்ந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தது பல். ஒரு பல் இடது பக்கம், ஒரு பல் வலது பக்கம் மயிரிழை சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு கூடினால் மரம் வீண், குறைந்தால் பிளேடு மரத்துக்குள் சிக்கிச் சூடேறும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் பலகை வாள்போல வளைந்து வரும். பிறகு பிளேடைக் கட்டைமேல் போட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, நடுவை ஒரு துளி தளர்த்தி, ஓரத்தை இறுக்கமாக வைக்கணும். வெளிச்சத்துக்கு எதிரே இரும்பு மட்டத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் வேலை அது.

இதையெல்லாம் செய்தவர் எங்கள் பாய். அப்பாவை முதலாளி என்பார், அப்பா அவரைப் பாய் என்பார், யார் யாருக்கு முதலாளி என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் காய்ச்சல் என்றால் மில்லுக்கு விடுமுறை. கரையோர மரத்தில் காற்று மணலைக் கொண்டுவந்து பட்டைக்குள் திணித்திருக்கும். வேம்பில் பிசின் வந்து பிளேடில் ஒட்டும், டீசலைச் சொட்டுச் சொட்டாக விடணும். அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று பிளேடு மாற்ற வேண்டியிருக்கும், ராத்திரி அத்தனையும் தீட்டணும்.

இரும்பைக் கண்டுபிடிப்பதில் அவர் ராஜா. கருவேல், புளி மாதிரித் துவர்ப்புள்ள மரத்துக்குள் ஆணி இருந்தால் அதைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை படரும், தடியின் வெட்டுமுனையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "முதலாளி, இதுக்குள்ள ஏதோ பொதைஞ்சு கெடக்கு" என்பார். கோடாலியால் பிளந்தால் மாடு கட்டிய சங்கிலி வளையம் இருக்கும், லாடம் இருக்கும். சாலையை அகலப்படுத்த ஏலம் விட்ட புளியமரங்கள் வந்தபோதுதான் அவர் தோற்றுப் போனார். கட்சிக்காரன் அடித்த தகடு, மூலம் பௌத்திரம் தகடு, டியூஷன் சென்டர் தகடு. தலைமுறை தலைமுறையாக அடித்த ஆணி, எல்லாம் பட்டைக்குள் மறைந்துவிட்டது. மரமே ஒரே கறுப்பாக இருந்தால் எந்தக் கறையைப் பார்ப்பது? அத்தனை பிளேடு போன பிறகு அப்பா சாலைப் புளியை வாங்குவதையே விட்டார். டியூஷன் சென்டர் ஆணிதான் ரொம்ப ஆழம்.

பாயின் மகன்கள் இரண்டு பேரும் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, எங்கும் இதுதான் வழக்கம், யாரும் தப்பு சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அண்ணனே முயன்றான், ஒட்டு வைக்க வந்தது, தட்டிப் பார்க்கிற கை வரவில்லை. பாய்க்குக் கண் மங்கியதும் பிளேடுகளை மதுரைக்கு அனுப்பித் தீட்டி வாங்கினோம். போக வர பஸ் சத்தம், தீட்டுக் கூலி, பிளேடு திரும்பி வரும்வரை மிஷின் சும்மா. கூலிக்கு அறுக்கிற மில்லுக்கு இது கட்டாது.

அப்போ ஃபைபர் காரணம் இல்லையா? இருக்கிறது. படகு வேலை பழையபடி ஓடியிருந்தால் மதுரையிலிருந்து ஓர் ஆளையே சம்பளத்துக்குக் கூட்டி வந்திருக்கலாம். கூட்டி வந்தவர் எங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டாம் நாளே ஓடியிருக்கவும் கூடும்.

2024 ஜனவரி 20

மரத்தூள், சொல்லாமல் விட்டது. தகர டப்பா அடுப்பில் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாகத் திணித்து, பாட்டிலை மெல்ல உருவிவிட்டால் துளை. அடியில் ஒரு குச்சி பற்றவைத்தால் ஒரு குடும்பச் சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் ஆகும். ஊதவே வேண்டாம். கேஸ் வந்த பிறகு தூளை வாங்கியவர்கள் ஐஸ்காரர்கள், ஐஸ் கட்டி கரையாமல் மூடிவைக்க. ஆக மரம் படகாகப் போகாவிட்டாலும் தூளாக மீனோடு போய்ச் சேர்ந்தது.

2024 மார்ச் 3

கஜா புயலைப் பற்றிக் கேட்டவருக்கு: 2018 நவம்பர் 16. எங்கள் மில்லில் கடைசியாக ஓடிய பெரிய வேலை அதுதான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த தென்னைகளை அடிமாட்டு விலைக்கு லாரி லாரியாக விற்றார்கள். அண்ணன் இரண்டு லோடு எடுத்தான். அடிப்பாகத்தில் பத்துப் பன்னிரண்டு அடிதான் பலகைக்குத் தேறும், மேலே போகப் போகப் பஞ்சு. பல் போன வேகத்தைப் பார்த்துப் பாய் தலையில் கைவைத்தார். நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை. தோப்பை இழந்தவர்களிடம் பேரம் பேசினோமே என்று அண்ணனுக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

2024 ஜூலை 22

மிஷின் விற்பனைக்கா என்று தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். சக்கரம் இரண்டும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆயில் எஞ்சினை அப்பா கொடுக்க மாட்டார்.

உச்சிப்புளியில் பூவரசு விழுந்து கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு: முதலில் இரண்டு முனையிலும் பழைய பெயின்ட்டோ மெழுகோ பூசுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிக்கும். மணலில் கிடக்கவிடாமல் கட்டைமேல் தூக்கி வையுங்கள். துணிக்கொடி கட்டிய ஆணி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். வளைந்த கிளையை விறகுக்குக் கொடுக்காதீர்கள், பாம்பனில் இன்னும் மர வேலை செய்யும் ஓடாவி யாராவது இருந்தால் காட்டுங்கள், நல்ல விலை தருவார். நேர்த்தடியை ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ கூலிக்கு அறுக்கலாம். ஒரு அங்குலப் பலகை வேண்டும் என்றால் ஒன்றே கால் அறுக்கச் சொல்லுங்கள், காய்ந்து இழைத்தால் சரியாக வரும். பலகைக்கு நடுவில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். ஆடி முடிவதற்குள் கொண்டுபோய்விடுங்கள், ஆவணி பிறந்தால் நிலைக்காரர்கள் கூட்டத்தில் உங்கள் ஒற்றைத் தடியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.